மீன்களுக்கான ஆற்றல் வரவு செலவு மாதிரிகளை எவ்வளவு நம்பலாம்?

நீங்கள் ஆய்வு மாணவராக இருப்பீர்கள். மீன் தின்றதையும் வளர்ந்ததையும் கணக்கிடும் கணினி மாதிரி போட்ட வளர்ச்சிக் கோடு தரவோடு அச்சாகப் பொருந்தியிருக்கும், ஆனாலும் மனசு ஒப்பவில்லை. அந்த உறுத்தலை விட்டுவிடாதீர்கள்.

கணக்கு என்னவோ எளிதுதான். மீன் தின்ற ஆற்றல் மூச்சுக்கும் செரிமானத்துக்கும் கழிவுக்கும் போக, மிச்சம் வளர்ச்சி. 1977இல் கிச்செலும் கூட்டாளிகளும் கொண்டுவந்த விஸ்கான்சின் மாதிரியின் அடிப்படை இதுதான். வளர்ச்சியை நாமே எடைபோட்டுக் கொடுத்துவிடுகிறோம். உச்சத் தீனியில் மீன் எத்தனை பங்கு தின்றது என்கிற ‘பி’ மதிப்பை, அந்த எடை வரும்வரை மென்பொருள் ஏற்றி இறக்குகிறது. அப்புறம் வளர்ச்சிக் கோடு பொருந்தாமல் எங்கே போகும்? மூச்சுக் கணக்கில் உள்ள பிழை மொத்தமும் தீனிக் கணக்கில் போய் ஒளிந்துகொள்கிறது.

நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் மீனுக்கு மூச்சுச் செலவு போன்ற அளவுகள் இல்லாததால் நெருங்கிய இனத்தின் எண்களைக் கடன் வாங்கினோம். எடை பொருந்தியது. தொட்டியில் நிறுத்துப் போட்ட தீனியோடு ஒப்பிட்டால், மாதிரி சொன்னது வெகுவாகக் குறைவு. சொந்தமாக அளப்போம் என்று, மீன் எவ்வளவு ஆக்சிஜன் இழுக்கிறது என்று காட்டும் மூச்சளவிக் கலத்தின் முன்னால் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தேன். ஒருநாள் மீனை எடுத்துவிட்டுக் கலத்தை வெறுமனே ஓடவிட்டேன். ஆக்சிஜன் அப்போதும் இறங்கிக்கொண்டே இருந்தது! குழாயின் உட்புறத்தைத் தடவினால் வழவழவென்று பாக்டீரியாப் படலம். அதன் மூச்சையும் மீன் கணக்கில்தான் எழுதி வந்திருக்கிறேன். அத்தனை அளவுகளையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினேன்.

மாதிரியே வேண்டாம் என்று சொல்வதாக யாரும் சண்டைக்கு வராதீர்கள். தண்ணீர் 2 டிகிரி சூடானால் அதே மீனின் தீனித் தேவை எந்தப் பக்கம் நகரும் என்பதுபோன்ற ஒப்பீடுகளுக்கு நானும் இதைத்தான் எடுக்கிறேன். வேட்டை மீன் ஆண்டுக்கு எத்தனை டன் இரை தின்னும் என்று சொல்லி, அதை வைத்துப் பிடிப்பு அளவு முடிவாகும் என்றால் மட்டும், நேரில் அளந்த தீனியோடு ஒத்துப் பார்க்காமல் நம்பாதீர்கள். கடலில் நீந்தும் செலவு தொட்டியில் தெரியாது. அதைக் கணிக்க, சோவியத் ஆய்வாளர் விண்பெர்க் 1956இலேயே மீனின் ஓய்வுநிலைச் செலவை இரண்டால் பெருக்கிப் பார்த்தார். எல்லா மீனுக்கும் அந்த இரண்டு எப்படிப் பொருந்தும்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள், கடன் வாங்கிய எண் எந்த இனத்துடையது என்று அட்டவணையில் ஒரு வரி போட மாட்டேன் என்கிறார்கள். தொட்டி கழுவி அளந்த பிள்ளைகளின் பெயர் நன்றியுரையோடு நின்றுவிடுகிறது. அந்த வெற்றுக்கல அளவுகளைப் பின்னிணைப்பிலாவது சேருங்கள் என்று கேட்டேன். இடமில்லை என்றார்கள்.