பேப்பர் கத்தரித்தது வீண் வேலை அல்ல

அவிநாசியிலிருந்து எழுதியிருக்கும் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பி.காம். படிக்கும் மகள் விடுமுறையில் கோவையில் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் சேர்ந்தாள், தினமும் பஸ் ஏறிப் போய் வந்தாள், என்ன செய்தாய் என்று கேட்டால் பேப்பர் கத்தரித்து ஒட்டினேன், போன் பேசினேன் என்கிறாள், சம்பளமும் இல்லை. இதற்கு, கணக்கு எழுதும் மென்பொருளான டேலி படித்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள்.

டேலியை அடுத்த விடுமுறையிலும் படிக்கலாம். அந்தக் கத்தரிப்பு வேலையைத்தான் நீங்கள் குறைத்து எடை போட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

காலையில் வரும் எல்லா நாளிதழ்களையும் விரித்து, வாடிக்கையாளரின் பெயர் எந்தப் பக்கத்தில், எத்தனை வரியில் வந்திருக்கிறது, போட்டியாளரைப் பற்றி என்ன வந்திருக்கிறது என்று குறிப்பதுதான் கிளிப்பிங். கருத்தாகச் செய்பவருக்கு ஒரு மாதத்தில் நாளிதழின் மனம் பிடிபட்டுவிடும். கோவைப் பதிப்பில் பெரிதாக வந்த செய்தி சேலம் பதிப்பில் நாலு வரிக்குக்கூடத் தேறாது. பவானி ஜமக்காளம் பற்றி நாளிதழ்களுக்கு அனுப்பும் செய்திக்குறிப்பை ஈரோட்டு நிருபர் நெசவாளர் கண்ணால் பார்ப்பார்; வணிகப் பக்கத்தில் இருப்பவர் ஏற்றுமதி எவ்வளவு என்று கேட்பார். மாலையில் செய்தி அனுப்பும் அவசரத்தில் இருக்கும் நிருபரைக் கூப்பிட்டு “எங்கள் குறிப்பு வருமா சார்?” என்று கேட்கக் கூடாது என்பதும் இந்த மாதத்தில்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

கடிதத்துடன் அவள் எழுதிய செய்திக்குறிப்பையும், அது அச்சில் வந்த துண்டையும் அனுப்பியிருந்தீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒரு மருத்துவமனையின் புதிய பிரிவுத் திறப்பு விழா. அவள் குறிப்பின் முதல் பத்தி முழுவதும் தலைவர், இயக்குநர், சிறப்பு விருந்தினர் என்று பட்டங்களும் பதவிகளும். அப்படித்தான் வேண்டும் என்று மருத்துவமனை கேட்டிருக்கும். நாளிதழ் எடுத்துக்கொண்டதோ, கடைசிப் பத்தியில் ஒதுங்கிக் கிடந்த ஒரு தகவலை: வேலைக்குப் போகிறவர்கள் இனி இரவிலும் டயாலிசிஸ் செய்துகொள்ளலாம். தாராபுரத்திலோ உடுமலையிலோ அதைப் படிக்கும் குடும்பத்துக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். விளம்பரம் என்றால் பணம் கட்டியவரின் வரி அப்படியே அச்சாகும். செய்தி அப்படி அல்ல. ஆசிரியர் வெட்டுவார், மாற்றுவார், போடாமலும் விடுவார். அந்தத் துண்டில் இந்த வரியை மகள் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருக்கிறாள். எங்கே தவறினோம் என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அடுத்தது, கெட்ட செய்தியைக் கையாளுவது. இது உங்களுக்கே தெரிந்த விஷயம். கம்பெனிகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் நடத்துகிறீர்கள்; பீஸ் முடியத் தாமதமாகும் என்றால் கம்பெனிக்காரர் கூப்பிடும் வரை காத்திருக்காமல் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவீர்கள். அமெரிக்காவில் 1906இல் ஒரு ரயில் விபத்து நடந்தபோது அந்த ரயில் கம்பெனியின் மக்கள் தொடர்பு ஆலோசகர் ஐவி லீ இதையே செய்தார். விபத்தை மூடி மறைப்பதே ரயில் கம்பெனிகளின் வழக்கமாக இருந்த காலத்தில், நடந்ததை எழுதிக் கொடுத்து, நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துப் போகச் செய்தார். இந்தத் தொழிலின் தொடக்கப் பாடமாக அது இன்றும் சொல்லப்படுகிறது.

நம் ஊரில் 2023 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. திருப்பூரில் பலர் பயந்தார்கள். “அது பொய்” என்று தமிழில் ஓர் அறிக்கை விட்டால் பயந்தவருக்கு அது எட்டியிருக்குமா? காவல் துறை இந்தியிலும் பேசியது. பீகார் அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து தொழிலாளர்களை நேரில் சந்தித்தது. யார் பயப்படுகிறாரோ அவர் மொழியில், அவர் நம்பும் ஆளைக் கொண்டு பேச வேண்டும். இந்த வேலையில் எனக்கு மிகவும் மதிப்புள்ள பகுதி இதுதான். மகளுக்கு ஒரு பயிற்சி கொடுங்கள். 2020 தொடக்கத்தில், கோழிக்கறியால் கொரோனா பரவும் என்ற வதந்தியில் நாமக்கல் பண்ணையாளர்கள் விலை சரிந்து தவித்தார்கள். அன்று காலை அவர்கள் சங்க அலுவலகத்தில் அவள் இருந்திருந்தால் யாரிடம் முதலில் பேசியிருப்பாள், என்ன ஆதாரத்துடன்? ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

அவள் தமிழ்வழியில் படித்தவள், ஆங்கிலம் சுமார் என்று வருந்தியிருக்கிறீர்கள். ஆங்கிலத்தை அவள் தேற்றிக்கொள்ளத்தான் வேண்டும், அதில் சலுகை இல்லை. ஆனால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நம் நாளிதழ்களுக்கு வரும் குறிப்புகளில் பல, படிக்க முடியாத தமிழில் இருக்கின்றன. நேராகத் தமிழில் தெளிவாக எழுதத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் நிச்சயம் இடம் உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் கவலையில் நானும் சேர்ந்துகொள்கிறேன். நம் பக்கத்தில் “பி.ஆர்.ஓ. தேவை”, அதாவது மக்கள் தொடர்பு அலுவலர் தேவை, என்று வரும் விளம்பரங்களில் பாதியை நம்பிப் போக முடியாது. சில கல்லூரிகளில் அந்தப் பெயரில் நடப்பது, பிளஸ் டூ மாணவர்களின் போன் நம்பர்களைச் சேர்த்து அட்மிஷன் பிடிக்கும் வேலை. சில மருத்துவமனைகளில் முகாம் நடத்தி நோயாளிகளை அனுப்பும் வேலை. தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் பேசினால் அது மக்கள் தொடர்பு அல்ல. சம்பளம் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம். நேர்காணலில் அவள் கேட்க வேண்டியது எளிது: நான் எழுதப் போவது என்ன, அதை யார் திருத்துவார், எனக்கு டார்கெட் உண்டா? நிருபருக்குப் பணக் கவர் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லும் இடமாக இருந்தால், அன்றே எழுந்து வந்துவிடட்டும். நீங்கள் அவளைக் கோபிக்க வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. “இன்டர்ன்ஷிப் முடித்தார்” என்று ஒற்றை வரிச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டாம். எழுதிய குறிப்புகள், அச்சில் வந்தவை, உடனிருந்த செய்தியாளர் சந்திப்புகள் எல்லாம் அந்தச் சான்றிதழில் இடம்பெற வேண்டும் என்று மேலாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். செய்த வேலைகளை அவள் ஒரு கோப்பாகச் சேர்க்கட்டும்; வாடிக்கையாளரின் ரகசியத் தாள் எதுவும் அதில் இருக்கக் கூடாது. அச்சில் வந்ததை மட்டும் சேர்க்கட்டும். மூன்றாம் ஆண்டு தொடங்கும் முன் அந்தக் கோப்புடன் அவளை என்னிடம் அனுப்புங்கள். அடுத்த இன்டர்ன்ஷிப்பை ஏற்றுமதி நிறுவனத்தில் தேடுவதா, மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தில் கேட்டுப் பார்ப்பதா என்று அவளுடன் உட்கார்ந்து முடிவு செய்யலாம்.