முட்டுக்காட்டில் கயாக் நண்பர்கள் கூடுவது பற்றி

நண்பரே, கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு ஓட்டும் ஏழெட்டுப் பேரை, சென்னைக்குத் தெற்கே உள்ள முட்டுக்காட்டு உப்பங்கழியில் ஒன்றுசேர்க்க நினைத்தும் தேதி கூடிவரவில்லை என்கிறீர்கள். எல்லோருக்கும் எந்த நாள் வசதி என்று கேட்டுக்கொண்டிருந்தால் காரியம் நடக்காது. நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிடுங்கள், முடிந்தவர்கள் வரட்டும். மூன்று பேர் வந்தாலும் போதும், அடுத்த முறை தானாகக் கூடும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரிதான் ஏற்ற காலம். காலை ஆறரைக்கே இறங்கிவிடுங்கள். வெயில் ஏற ஏறக் கடற்காற்று வலுத்து, திரும்பும்போது துடுப்புப் போடுவது பெரும்பாடாகிவிடும். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தைத் தாண்டி முகத்துவாரப் பக்கம் யாரும் போக வேண்டாம். வற்றம், அதாவது கடல்மட்டம் இறங்குவது, தொடங்கினால் நீர் கடலை நோக்கி இழுக்கும். புதியவர்களால் எதிர்த்து வர முடியாது. மீனவர்களின் வலைகள் கட்டியிருக்கும் இடங்களையும் விலகிச் செல்லுங்கள், அது அவர்களுடைய பிழைப்பு.

சொந்தப் படகை இறக்கலாமா என்று சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகுத் துறையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். படகு இல்லாதவர்களையும் அழையுங்கள். பேச்சு களைகட்டுவது கரையில் இட்லிப் பொட்டலம் பிரிக்கும்போதுதான். என்னிடம் உயிர்காப்பு அங்கிகள் இரண்டு கூடுதலாக உள்ளன. தேதியைச் சொல்லுங்கள், எடுத்து வருகிறேன்.