மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டுக்கு வேலைக்குப் போகிறேன். நம்மூர்ச் சமையல் சாமான் கிடைக்குமா?

தாராளமாகக் கிடைக்கும். மலேசியத் தமிழர் தலைவரும் அமைச்சருமாக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர், சுற்றிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தோட்டங்கள். பொன்னி அரிசி, உளுந்து, பெருங்காயத்துக்காகப் பெட்டியை நிரப்பாதீர்கள்; தமிழர் மளிகைக் கடையிலேயே உண்டு. கறிவேப்பிலையும் முருங்கையும் பல வீட்டு வாசலில் நிற்கும், கேட்டால் ஒடித்துத் தருவார்கள்.

கவனிக்க வேண்டியவை எண்ணெயும் புளியும்தான். சூப்பர்மார்க்கெட்டில் சின்ன பாட்டிலில் கறுப்பாக இருக்கும் சீன எள்ளெண்ணெய், வறுத்த எள்ளில் எடுத்தது. இட்லிப்பொடியில் ஊற்றினால் அந்த வாடை மட்டும்தான் மிஞ்சும். நம் நல்லெண்ணெயை இந்தியக் கடையில் கேட்டு வாங்குங்கள். புளிக்கு ‘அசாம் ஜாவா’ வாங்க வேண்டும். காய்ந்த வில்லைகளாக விற்கும் ‘அசாம் கெப்பிங்’ வேறு பழம், குடம்புளிக்கு உறவு. மீன்குழம்புக்கு அருமை (எனக்குப் புளியைவிட அதுதான் பிடிக்கும்), ரசத்துக்குச் சரிவராது.

அப்புறம், இங்கே இரவிலும் புழுக்கம்தான். மாவு சீக்கிரம் பொங்கிவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். பழகிய தோசைக்கல் இருந்தால் அதை மட்டும் கொண்டு வாருங்கள்.