உட்கார்ந்தால் மட்டும் செயின் உரசுகிறதா?

பின்சக்கரத்துக்கும் ஷாக் (அதிர்வுதாங்கி) உள்ள உங்கள் சைக்கிளை ஸ்டாண்டில் வைத்துச் சுற்றினால் சத்தமே இல்லை, ஏறி உட்கார்ந்து மேட்டில் மிதித்தால் மட்டும் செயின் உரசுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. கியர் டியூனிங்கை இப்போதைக்குத் தொடாதீர்கள், பாவம் அது.

உங்கள் எடை ஏறியதும் ஷாக் அமுங்கி பின்சக்கரம் மேலே வருகிறது, செயினின் மேல் ஓட்டமும் கூடவே சாய்கிறது. செயின் நழுவாமல் பிடிக்கும் செயின் கைடு முன் ஃபிரேமில் நிலையாக இருப்பதால், அது கொஞ்சம் தாழ்வாக இருந்தாலே செயின் அதன் மேல்பகுதியைத் தொடும், பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் இன்னும் அதிகமாக. என் சந்தேகம் முதலில் அங்கேதான்.

உறுதிசெய்ய, ஷாக்கின் காற்றழுத்தத்தைக் குறித்துவைத்துக்கொண்டு மெதுவாகக் காற்றை இறக்குங்கள். பின்சக்கரத்தை ஒருவர் தூக்கித் தூக்கிப் பிடிக்க, நீங்கள் கிராங்கை (பெடல் தண்டை) கையால் சுற்றிப் பாருங்கள். கைடு, செயின்ஸ்டே (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க் குழாய்) இரண்டிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் உரசும் இடத்தில் கறுப்புக் கோடு விழும், ஊகிக்கவே வேண்டாம்.

அப்படியும் எதுவும் தொடவில்லையா? சரி, சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பிவட் (பின் ஃபிரேம் அசையும் மூட்டு) போல்ட்டோ பேரிங்கோ தளர்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் ஓட்ட வேண்டாம். டேப்பில் கோடு எங்கே விழுந்தது என்று படம் போடுங்கள், பார்க்கிறேன்.