பிரெஞ்சு சிவப்பு ஒயினை எப்படிச் சுவைப்பது? எதோடு சாப்பிடுவது?

பிரான்ஸ் போகிறீர்கள், சிவப்பு ஒயின் குடித்துப் பழக்கமில்லை, எதில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போர்தோ வட்டாரத்து ஒயினில் தொடங்காதீர்கள். பெயர் பெரியதுதான், ஆனால் அங்கே மெதோக் பகுதியின் இளம் ஒயினில் டானின், அதாவது திராட்சைத் தோலிலிருந்து இறங்கும் துவர்ப்பு, தூக்கலாக இருக்கும். கொட்டைப்பாக்கு மென்ற மாதிரி ஈறு இழுத்துக்கொள்ளும். இதற்கா இவ்வளவு பேச்சு என்று கிளாஸைத் தள்ளி வைத்துவிடுவீர்கள். என் சிபாரிசு லியோன் நகருக்கு வடக்கே விளையும் போஜொலே ஒயின், அதிலும் மோர்கோன்.

போஜொலே என்றதும் நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை கடைக்கு வரும் 'நூவோ'தான் பலருக்கு ஞாபகம் வரும். அது அறுவடை முடிந்த சில வாரங்களிலேயே புட்டியில் அடைபடும் அவசரச் சரக்கு. ஒரு கிளாஸுக்கு ஜாலி, அவ்வளவுதான். அந்த வட்டாரத்தின் வடபாதியில் பத்துப் பகுதிகளுக்குத் தனி அந்தஸ்து உண்டு. மோர்கோன் அதில் ஒன்று. அங்கே விளையும் திராட்சை வகைக்குப் பெயர் காமே. 1395-இல் பர்கண்டியை ஆண்ட கோமகன் ஃபிலிப், இது மட்டமான கொடி, பிடுங்கி எறியுங்கள் என்று ஆணையே போட்டார். தெற்கே போஜொலேயின் கிரானைட் மண்ணில் அது பிழைத்துக்கொண்டது.

அங்கே பழத்தை நசுக்காமல் கொத்துக் கொத்தாகத் தொட்டியில் கொட்டுவார்கள். அடியில் இருப்பவை பாரத்தில் நசுங்கிப் புளிக்கும். அதிலிருந்து வரும் கரியமில வாயு தொட்டியை நிரப்ப, மேலே உள்ள பழங்கள் முழுசாக இருந்தபடியே உள்ளுக்குள் நொதிக்கத் தொடங்கும். இதனால் தோலின் டானின் கொஞ்சமாகத்தான் இறங்கும், பழ வாசனை முன்னே நிற்கும்.

குடிக்குமுன் முக்கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சிவப்பு ஒயினைக் குளிர்விக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள், இதற்கு 14 டிகிரிதான் சரி. கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, சுழற்றுவதற்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை மோந்து பாருங்கள். செர்ரி, ராஸ்பெர்ரி என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். உங்களுக்கு நாவல்பழம் ஞாபகம் வந்தால் அதுவும் சரியான பதில்தான்.

ஒரு வாய் எடுத்ததும் விழுங்கிவிடாமல் வாயெல்லாம் புரளவிடுங்கள். நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறும் கன்னத்தின் உட்புறமும் உலர்ந்தால் அது டானின். சாப்பாட்டுப் பொருத்தத்தில் முக்கால்வாசி இந்த இரண்டுதான். டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் உலர்கிறது. தட்டில் கொழுப்புள்ள இறைச்சி இருந்தால் அதோடு ஒட்டிக்கொண்டு அடங்கிவிடும். போர்தோவுக்கு ஆட்டுக்கறி என்பது அதனால்தான். காமேயில் டானின் குறைவு, புளிப்பு நன்றாக இருக்கும். கொழுப்பை அறுப்பது அதன் வேலை.

லியோனில் 'பூஷோன்' என்ற சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் அடி தடித்த 46 சென்டிலிட்டர் புட்டியில் ஒயின் வரும். கூடவே வேகவைத்த பன்றித் தொத்திறைச்சியும் உருளைக்கிழங்கும் கேளுங்கள். தடிமனான துண்டு, வெட்டின இடத்தில் கொழுப்பு கசிந்து கிழங்கில் இறங்கும். ஒரு கடியில் நாக்கு முழுக்கப் பிசுக்கு. மேலே ஒரு மடக்கு ஒயின் போனால் பிசுக்கு போய் மிளகும் பழமும் மட்டும் நிற்கும், கை தானாக அடுத்த துண்டுக்குப் போகும். பன்றி வேண்டாமென்றால் வறுத்த கோழி. பன்றிக்குடலில் செய்யும் ஆந்துயெத்தும் உண்டு, வாடை பலமானது. ஆட்டுக்குடல் குழம்பு தின்று வளர்ந்தவர்கள் பயப்பட வேண்டாம்.

மீனோடு மட்டும் வேண்டாம். சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்பு கவிச்சியைக் கிளப்பிவிடும்.

அப்புறம், ஊர் திரும்பியதும் எப்படியும் இந்தக் கேள்வி வரும்: நம்ம காரத்தோடு? ஆல்கஹால் காரத்தின் எரிச்சலைக் கூட்டும். 14, 15 சதவீதம் உள்ள தென்பிரான்ஸ் ஒயினை மட்டன் சுக்காவோடு குடித்தால் வாய் பற்றி எரியும். 13-ஐ ஒட்டிய குளிர்ந்த காமே மிளகு வறுவல் வரை தாங்கும். ஆந்திரா மிளகாய்க்கு பீரே போதும்.

வாங்கும்போது லேபிளில் காமே என்றோ போஜொலே என்றோ தேடாதீர்கள், பெரும்பாலும் மோர்கோன் என்று மட்டும்தான் இருக்கும். பிரான்ஸில் 12 முதல் 20 யூரோவுக்குள் நல்லதே கிடைக்கும். மீந்தால் கார்க்கை அடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாளும் நன்றாகவே இருக்கும்.