'கோய்ட் கோஹ் கிளின்டூர்': இந்தப் போனியின் பெயரை எப்படிச் சொல்வது?

வேல்ஸ் நாட்டுக் குட்டைக் குதிரைகளான வெல்ஷ் போனிகளின் வம்சாவளியில் அடிக்கடி வரும் இந்தப் பெயரை 'கோட் கோச் கிளிண்ட்வர்' என்று வாசிக்கலாமா எனக் கேட்டிருந்தீர்கள். இல்லை, 'கோய்ட் கோஹ் கிளின்டூர்'.

முதல் இரண்டு சொற்களும் வடக்கு வேல்ஸில், அபர்கெலி அருகே இருந்த பண்ணையின் பெயர். அங்கே பிறந்த குட்டிகளின் பெயருக்கு முன்னால் அதைச் சேர்ப்பார்கள். வெல்ஷ் மொழியில் கோய்ட் என்றால் மரங்கள், காடு. கோஹ் என்றால் சிவப்பு. நிறம் பின்னால் வருகிறது, கவனியுங்கள். கோஹ் என்பதன் கடைசியில் ஆங்கில எழுத்தில் 'சி-எச்' என்று எழுதியிருந்தாலும் 'ச' கிடையாது. தொண்டையில் சிக்கிய மீன்முள்ளை வெளியே தள்ளுவதுபோல, அடித்தொண்டையில் காற்றை உரசவிடுங்கள்.

அப்புறம், மூன்றாவது சொல்லான கிளின்டூரில் வரும் 'டபிள்யூ'வைப் பார்த்து மிரள வேண்டாம்; இங்கே அது 'ஊ' என்ற உயிரெழுத்து. அழுத்தமும் 'டூர்' மேல்தான். 1400இல் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து எழுந்த வேல்ஸ் தலைவர் ஓவைன் கிளின்டூரின் பெயர் அது. தப்பாகச் சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை.