ஆத்துத் தண்ணி கலங்கியிருந்தா ஆறு கெட்டுப்போச்சா? டெல்லி நண்பர்கள் கேட்டதும் என் பதில்களும்

மயூர் விஹார்லேர்ந்து: அண்ணா, ஜூன்ல பத்ரிநாத் போனோம், அங்க ஓடற அலக்நந்தா ஆறு சிமெண்ட் கரைச்சு விட்ட மாதிரி ஓடுது. மலையிலயே இப்படியா?

பதில்: அது அழுக்கு இல்லப்பா, பாறை மாவு. க்ளேசியர், அதாவது பனியாறு, நகரும்போது அடியில இருக்கற பாறைய தேய்ச்சு பவுடராக்கிடும், வெயில் காலத்துல உருகுற தண்ணியோட அது இறங்கி வரும், காலைல கொஞ்சம் தெளிவா இருக்கும் சாயங்காலம் பாத்தா கலங்கும், குளிர்காலத்துல நல்லா தெளிஞ்சிடும். இந்த ஆத்துக்கு அதான் நார்மல். அதனால எவ்ளோ கலங்கல்னு மட்டும் பாக்காத, எப்ப கலங்குது, எத்தனை நாள்ல தெளியுதுன்னு பாரு. மழையே இல்லாத டிசம்பர்ல திடீர்னு பழுப்பா ஓடினா மேல மலை சரிஞ்சிருக்கணும், இல்ல ரோடுக்கு வெட்டின மண்ண ஆத்துல தள்ளியிருக்கணும்.

ரோஹிணிலேர்ந்து: டெல்லி குழாய்க்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா சார்?

பதில்: ஏன் இல்லாம? 2021 பிப்ரவரி 7 சமோலி வெள்ளம் ஞாபகம் இருக்கா, பாறையும் பனியும் சரிஞ்சு ரிஷிகங்கா ஆத்துல விழுந்துச்சே. அந்தத் தண்ணி அலக்நந்தா வழியா கங்கைக்குத்தான் வருது. ஒரு வாரத்துல அப்பர் கங்கா கால்வாய் வழியா டெல்லி வந்த தண்ணில கலங்கல் 8000 என்டியு (கலங்கல அளக்கற யூனிட்). தண்ணிய சுத்தம் பண்ற சோனியா விஹார் பிளான்ட்டும் பாகீரதி பிளான்ட்டும் ஃபுல்லா ஓட முடியல. குடிக்கற தண்ணிக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) லிமிட் 1 என்டியு, வேற வழியே இல்லன்னா 5, அவ்ளோதான்.

ஆர்.கே.புரத்துலேர்ந்து: ரெண்டு ஆறும் சேர்ந்து கங்கையாகற தேவப்பிரயாகைல பாகீரதி பச்சையா தெளிவா வருது, அலக்நந்தா கலங்கலா வருது. பாகீரதிதானே ஹெல்தி?

பதில்: பாக்க அப்படித்தான் இருக்கும். பாகீரதில மேல டெஹ்ரி டேம் 260 மீட்டர் உசரத்துக்கு நிக்குது, 2006லேர்ந்து கரண்ட் எடுக்கறாங்க, வண்டல் எல்லாம் அங்கயே தங்கிடுது. வண்டல் இல்லாத தண்ணி கீழ படுகையையும் கரையையும் அரிக்கும். அந்தத் தெளிவ பாத்து எனக்கு சந்தோஷம் வர்றதில்ல.

கரோல் பாக்லேர்ந்து: இந்தக் கலங்கலால மீனுக்கு என்ன ஆகும்?

பதில்: ஸ்னோ டிரவுட் மாதிரி மலை ஆத்து மீன் கூழாங்கல்லு நடுவுல முட்டை போடும், நைஸ் மண்ணு இடுக்க அடைச்சா ஆக்சிஜன் போகாது. ஓரத்துல ஆழமில்லாத இடமா பாத்து ஒரு கல்ல புரட்டிப் பாருங்க. அடியில தட்டையா, மூணு வால் வெச்சுக்கிட்டு பூச்சி ஒட்டிட்டிருந்தா அது மேஃப்ளைங்கற பூச்சியோட குஞ்சு, ஆறு நல்லா இருக்குங்கறதுக்கு நல்ல சகுனம். கல்லு மண்ணுக்குள்ள பாதி புதைஞ்சு அசையவே மாட்டேங்குதுன்னா தண்ணி அன்னிக்கு தெளிவா இருந்தாலும் யோசிக்கணும்.

லோதி காலனி மாமி: ரிஷிகேஷ்ல ஜனவரில கண்ணாடியா இருக்கே, அப்படியே குடிக்கலாமோன்னோ?

பதில்: வேண்டாம் மாமி. கிருமி கண்ணுக்குத் தெரியாது, தெளிஞ்ச தண்ணிலயும் இருக்கும். சொம்புல அடைச்சு பூஜைக்கு வெச்சுக்கோங்கோ, குடிக்கணும்னா காய்ச்சிடுங்கோ.